வரிசையில் முதல் ஆள்

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கல்யாணம், கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே மிஷினில்தான் வருகிறது. பதினேழு வருடமாக இந்த ஊர் முகங்களை வெளுப்பாக்கி, கன்னத்துக் குழியை நிரப்பி, நரைக்கு மை அடித்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். விஜயபாண்டியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என்னையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

விஜயபாண்டிக்கு நரிக்குடிக்கு அங்கிட்டு ஒரு சின்ன ஊர். அப்பா சங்கையா ஆடு மேய்த்தும் கூலிக்குப் போயும் அவனைப் பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வைத்தார். டவுனுக்கு வந்தவன் ஒரு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடம் சேல்ஸ்மேனாக நின்றான். எந்தச் சேலையை வாசலில் தொங்கவிட்டால் கூட்டம் உள்ளே வரும் என்று முதலாளிக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான். சொன்னது பலித்துக்கொண்டும் இருந்தது. ஒருநாள் முதலாளி, "நீ முதலாளியா, நான் முதலாளியா?" என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு அவன் வேலைக்கே போகவில்லை. கடை கடையாக ஏறி யோசனை சொல்வதே வேலை என்று வைத்துக்கொண்டான். ஐடியா பாண்டி என்று பெயர் வந்தது. பாதி கேலி, பாதி மரியாதை. சேவுக்கடைக்காரர் ஒருவரிடம் எண்ணெய்ச் சட்டியைக் கடையின் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு மாற்றச் சொன்னான். மேல்காற்றுக் காலத்தில் வாசனை நேராக பஸ் நிற்கிற இடத்துக்குப் போயிற்று. அந்தக் கடையில் இன்று மூன்று சட்டி ஓடுகிறது.

பாளையம்பட்டியில் அழகுத்தாய் என்று ஒரு தையல்காரம்மா. மாடியில் கடை, யாரும் படி ஏறுவதில்லை. "அக்கா, படிக்குக் கீழ எட்டு ஜோடி பொம்பளச் செருப்பப் போடுங்க. புதுசு வேணாம், தேஞ்சதாப் பாத்துப் போடுங்க" என்றான். இரண்டே மாதத்தில் படிக்குக் கீழே நிஜச் செருப்புகள் வந்துவிட்டன. போட்டு வைத்த பழைய செருப்பில் இரண்டு ஜோடி களவும் போயிற்று. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"மனுசன் கடையப் பாத்து வாரதில்ல சங்கர்ணே. முன்னால நிக்கிற மனுசனப் பாத்துத்தான் வாரான்" என்பான். அவன் கண்டுபிடித்த ஒரே உண்மை அதுதான். அதை வைத்து எத்தனையோ பேர் பிழைத்தார்கள், அவன் மட்டும் பிழைக்கவில்லை. கூலி என்று டீயும் வடையும் கிடைக்கும், தீபாவளிக்கு யாராவது ஒரு சட்டை எடுத்துக் கொடுப்பார்கள். வீட்டை ஓட்டியது அவன் பெண்டாட்டி ரேணுகாதேவி. நூல் மில்லில் ஷிப்ட் வேலை. வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால், "யோசனை சொல்றாரு" என்று சிரிப்பாள். போகப் போக அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அப்போதுதான் மருதுபாண்டி வந்தார். ஜேசிபி, லாரி என்று சம்பாதித்தவர். பாளையம்பட்டி ரோட்டில் பெரிய பிரியாணிக் கடை திறக்கப்போகிறார். "திறப்பன்னைக்கு ரோடு அடைக்கணும். அடைச்சுக் காட்டு, மாசச் சம்பளத்துக்கு நீதான் மேனேஜர்" என்றார். வாழ்க்கையில் முதல்முதலாக ஒருவர் அவன் யோசனைக்குச் சம்பளம் என்று சொன்னது அதுதான். அன்றைக்கே என்னிடம் வந்து விசிட்டிங் கார்டு அடிக்கச் சொன்னான். வியாபார ஆலோசகர் என்று பெயருக்குக் கீழே போட்டேன். வாங்கி மோந்து பார்த்தான், கிறுக்கன்.

யோசனை இதுதான். பழைய பத்துப் பைசாக் காசு கொண்டுவருகிற முதல் நூறு பேருக்கு ஒரு மட்டன் பிரியாணி. "காச எவன் வச்சிருக்கான்? வீடு பூராத் தேடுவான். தேடுற நாலு நாளும் நம்ம கடையப் பத்தித்தான பேசுவான்" என்றான். ஊர் முழுக்கக் கட்ட முப்பது ஃப்ளெக்ஸ் அடித்துக் கொடுத்தேன். நல்ல யோசனை என்று நானும்தான் சொன்னேன்.

அவனுக்கு ஒரே பயம், காலையில் முதலில் வந்து நிற்க ஆள் வேண்டுமே என்று. செருப்பு போட்ட மாதிரி ஆளையும் போட்டு வைக்க நினைத்தான். தன் ஊரிலிருந்து முப்பது பேரை லோடு வேனில் ஏற்றி வருவதாகத் திட்டம். ஆனால் மருதுபாண்டியின் ஜோசியர் குறித்த தேதி, அந்த ஊர் அம்மனுக்கு வைகாசிப் பொங்கல் சாட்டிய வாரத்தில் போய் விழுந்தது. பொங்கல் முடியாமல் எல்லை தாண்ட மாட்டோம் என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். சங்கையாவோ அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்து, கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தார். அந்தக் காப்பைக் கட்டிவிட்டால் ஊர் எல்லை தாண்டக் கூடாது, கவிச்சி ஆகாது, ஒரு வேளைதான் சோறு. வெளித் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. திருவிழா முடிந்து பூசாரி அவிழ்க்கிற வரைக்கும் இப்படித்தான்.

என் கடையில் உட்கார்ந்துதான் அப்பாவுக்குப் போன் போட்டான்.

"நீங்க ஒருத்தராச்சும் வாங்கப்பா. மொத ஆளு நின்னுட்டா பெறகு சனம் தானா வந்துரும். இது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணுமே இல்லப்பா."

சங்கையா ஏதோ சொன்னார். போனை வைத்துவிட்டு, "வாராராம்ணே" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

திறப்பு விழா அன்று அக்கினி நட்சத்திரம் முடிய நாலு நாள் பாக்கி. முதல் பஸ்ஸில் வந்து ஆறு மணிக்கெல்லாம் நின்றுவிட்டார் சங்கையா. வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் வீட்டுத் தண்ணீர் பாட்டில். நான் ஏணியில் நின்று முகப்புப் பேனர் கட்டிக்கொண்டிருந்தேன். "நின்னாப் போதும்லய்யா? சோத்தக் கையில வாங்க மாட்டேன்" என்று மகனிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. "வாங்க வேணாம்ப்பா. நின்னாப் போதும்" என்று அவர் கையில் ஒரு பத்துப் பைசாவைத் திணித்தான். வீடியோ எடுக்கிறவர் வந்ததும், "காசத் தூக்கிக் காட்டுங்க, சிரிங்க" என்றான். மகன் சொன்னபடி தூக்கிக் காட்டிச் சிரித்தார்.

சொன்னபடியே கூட்டம் வந்தது. எட்டு மணிக்கு நூறு, பத்து மணிக்கு ஐந்நூறு. பத்தரைக்குத் திறக்க வேண்டிய கடை, ரிப்பன் வெட்டுகிறவர் வராமல் பன்னிரண்டே முக்கால் வரைக்கும் மூடியே கிடந்தது. சங்கையாவின் பாட்டில் காலி. என் பாட்டிலை நீட்டினேன். "வெளித் தண்ணி ஆகாதுய்யா" என்று கும்பிட்டார். உதடு வெடித்திருந்தது. விஜயபாண்டியைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவ நெழலுக்குக் கூட்டிட்டுப் போப்பா" என்றேன்.

"இப்பப் போயி மொத ஆளு நகர்ந்தா வரிசையே கலைஞ்சுரும்ணே. அர மணி நேரந்தான்."

நானும் சரி என்று வந்துவிட்டேன். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை.

ஷட்டர் ஏறியபோது எல்லாரும் முன்னே போனார்கள். சங்கையா மட்டும் இருந்த இடத்திலேயே மடிந்து உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தார். யாரும் மிதிக்கவில்லை. வெயில்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை என்றார்கள்.

மருதுபாண்டி விஜயபாண்டியைக் காருக்குள் உட்காரவைத்துப் பேசினார். "நாம வரச்சொல்லி நிப்பாட்டுனோம்னு வெளிய தெரிஞ்சா கடைக்குச் சீல் வச்சுருவாக. உன் வேலையும் போச்சு, என் கடையும் போச்சு." ஸ்டேஷனில் விஜயபாண்டி எழுதிக் கொடுத்தான்: பிரியாணிக்கு ஆசைப்பட்டு அவராகவே வந்தார். சாயந்தரத்துக்குள் அது எல்லாப் போனிலும் ஓடியது. பத்துப் பைசா பிரியாணிக்கு உயிரை விட்ட முதியவர் என்று தலைப்பு. கீழே அவர் காசைத் தூக்கிச் சிரிக்கிற வீடியோ, முகமும் விரலில் காசும் மட்டும் தெரிகிற மாதிரி. அதற்குச் சிரிப்புப் படம் போட்டவர்களை எல்லாம் செருப்பால் அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பேனர் அடித்தவன் நான்.

உயிரை விடுகிற அளவுக்கு அங்கே என்னதான் இருக்கிறது என்று பார்க்க மறுநாள் இரண்டு மடங்கு ஜனம் வந்தது. விஜயபாண்டி மேனேஜர் ஆனான்.

சங்கையா ஊரில் பொங்கல் பாதியில் நின்றது. காப்போடு கவிச்சி தின்னப் போனவனை அம்மன் கொண்டுபோய்விட்டாள் என்று பேச்சு. சங்கையாவின் சம்சாரம் ஜக்கம்மாள் ஒவ்வொரு வீடாகப் போய், "அவுக திங்கப் போகல, மகன் கூப்பிட்டுப் போனாக" என்று சொல்லியும் யாரும் நம்பவில்லை. மகன் கையெழுத்துப் போட்டே கொடுத்திருக்கிறானே.

பதினாறாம் நாள் கருமாதிக்கு நான் போயிருந்தேன். பந்தலில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தது. உட்கார்ந்திருந்தது பதினோரு பேர், அதில் நானும் மருதுபாண்டியும் அடக்கம். எல்லாருக்கும் முன்னால் ஜக்கம்மாள் மகனின் கையைப் பிடித்தார்.

"நான்தான் கூப்பிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுய்யா. ஊருக்கு முன்னால சொல்லு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

விஜயபாண்டி வாயைத் திறந்தான். மருதுபாண்டி இருந்த பக்கம் பார்த்தான். என்னையும் பார்த்தான். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "பெறகு பேசுவோம்மா" என்று எழுந்து பந்தலுக்கு வெளியே போய்விட்டான். ரேணுகாதேவி மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு அவள் புருஷனோடு டவுனுக்குத் திரும்பவில்லை. மாமியாரோடேயே இருந்துகொண்டு, நரிக்குடிக்கு வருகிற மில் வேனில் வேலைக்குப் போகிறாள்.

ஒரு மாதம் கழித்து, கடை முகப்புக்கு இருபது அடிப் போர்டு வேண்டும் என்று விஜயபாண்டி வந்தான். மெலிந்திருந்தான். முதல் நாள் கூட்டத்தின் படம்தான் போட வேண்டுமாம். திரையில் எடுத்து வைத்தேன். எல்லாருக்கும் முன்னால் சங்கையா, கையை உயர்த்தி, காசோடு.

"அப்பாவ எடுத்துருவமா?" என்று கேட்டேன்.

திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான்.

"மொதலாளி இருக்கணும்ங்கிறாரு. அவர எடுத்தா படம் செத்துரும்ணே. அந்தச் சிரிப்புதான் இழுக்குது" என்றான். அவன் சொன்னது தொழில் கணக்கில் சரிதான். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து வாசல் வரைக்கும் போனவன் திரும்பி வந்தான். திரையைத் தொட்டுக் காட்டினான். "கையில இருக்க அந்தக் கயிற மட்டும் எடுத்துருங்க. காப்புக் கட்டுன ஆளு எதுக்குப் பிரியாணிக்கு நிக்கிறாருன்னு எவனாச்சும் கேப்பான்."

எனக்குக் கோபம் வந்தது. போடா வெளியே என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்து மஞ்சளின் மேல் தடவினேன். இரண்டு நிமிட வேலை.

ஆடி கடைசியில் ஜக்கம்மாள் என் கடைக்கு வந்தார். வீட்டில் மாட்டச் சின்னதாக ஒரு படம் வேண்டுமாம். நாற்காலியில் உட்காரச் சொன்னேன், கீழேயே உட்கார்ந்தார்.

"கண்ணீர் அஞ்சலிக்கு நீங்கதான அடிச்சீக. அதுல மொகம் மட்டுந்தான் இருந்துச்சு. ஏய்யா, பஸ்ஸுல வரையில அந்தப் போர்டப் பாத்தேன். ஊர்லயும் எல்லாரும் பாத்துட்டுத்தான் வாராக. அவுக காப்ப அவுத்து எறிஞ்சுட்டுத்தான் திங்க நின்னிருக்காகன்னு சொல்றாக. படத்துல கையி வெறுங்கையாத்தான இருக்கு."

நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நாந்தான அவுகளக் குளிப்பாட்டுனேன். கையில காப்பு இருந்துச்சுய்யா. அவுக்கப்படாதுன்னு பூசாரி சொல்லி, அதோடதான பொதச்சோம். பெறகு எப்படி? நாந்தான் சரியாப் பாக்கலையா?"

பழைய படம், கயிறோடு, அதே கம்ப்யூட்டரில் இருந்தது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து நாலடி. திறந்தால் ஒரு நிமிடம். திறந்தால் யார் அழித்தது என்று கேட்பார். கேட்டால் நான் அவர் ஊருக்குப் போய் நின்று சொல்ல வேண்டும். மருதுபாண்டியிடமிருந்துதான் இப்போது எனக்கு மாதம் பத்து போர்டு வருகிறது.

"ஃப்ளெக்ஸ்ல அப்படித்தாம்மா. வெயில் பட்டா மஞ்சக் கலருதான் மொதல்ல வெளுக்கும்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நம்பிவிட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அப்ப அதையும் வெயிலுதான் எடுத்துச்சாய்யா?"

ஆமாம் என்றேன்.