பஷீரின் முதுகுக்குப் பின்னால்

ஞாயிறு காலைகளில் நானும் நண்பன் பஷீரும் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஆளுக்கொரு ரோடு பைக் சைக்கிளில் போவோம். அவன் முன்னால், நான் பின்னால். எண்ணூரில் அவன் மூச்சு வாங்கி நிற்பான்; நான் விசிலடித்தபடி இறங்கி அவனைக் கிண்டல் செய்வேன். நானே பலசாலி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எண்ணில் நிரூபிக்கத்தான் பவர் மீட்டர் வாங்கினேன். மிதிக்கும் பலத்தை வாட் கணக்கில் காட்டும் கருவி அது.

வீட்டில் பேப்பர் விரித்து, பெடல் மாட்டியிருக்கும் பழைய கிராங்கைக் கழற்றி, மீட்டர் வைத்த கிராங்கை நானே மாட்டினேன். மனைவி எட்டிப் பார்த்து, "இன்னா, ஒனக்கு கீற பலத்துக்கு மீட்டர் வேறயா?" என்றாள்.

அடுத்த ஞாயிறு, பஷீருக்குப் பின்னால் மீட்டர் நூறு வாட்டைத் தாண்டவில்லை. தப்பாக மாட்டிவிட்டேன் என்று நினைத்தேன். தண்டையார்பேட்டையில் அவன் தண்ணீர் குடிக்க ஒதுங்கியதும் நான் முன்னால் போனேன். எதிர்காற்று நெஞ்சில் மோதியது. அதே வேகத்துக்கு மீட்டர் இருநூறு காட்டியது. கொஞ்ச தூரத்தில் எனக்கு நாக்கு தள்ளிவிட்டது. மீட்டரில் கோளாறே இல்லை.

பஷீர் வந்து சேர்ந்தான்.

"இத்தினி நாளா காத்த நீயே வாங்கிகினு இருந்தியா? ஏன்டா சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ முன்னாடி வர்றேன்னு அடம் புடிப்ப மாமு. அப்பால உன்னிய ஆட்டோல ஏத்தினு போவணும்."

காற்றோடு என் கிண்டலையும் சேர்த்துத் தாங்கியிருக்கிறான்.

இப்போதெல்லாம் நான்தான் முன்னால் போகிறேன். எண்ணூருக்கு முன்னால் வரும் விம்கோ நகர் வரைதான் முடிகிறது. அதுவரையாவது அவன் காற்றுப் படாமல் வரட்டும்.