சாக்லேட் கடையில் சம்பந்தம் பேசப் போன தங்கம்மாள்

பூதலூர் பக்கத்துத் தங்கம்மாளுக்கு இனிப்புப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆமா, இருந்துட்டுப் போவுது" என்பாள். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் இருக்கிற சாக்லேட் கடைக்கு மாதம் ஒருமுறையாவது போகாவிட்டால் அவளுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. உரம் வாங்கப் போனாலும் சரி, பேங்க் வேலையாகப் போனாலும் சரி, திரும்புகிற வழியில் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். காலில் ரப்பர் செருப்பு, கையில் ஜவுளிக்கடைப் பை, ஏசிக் குளிருக்கு இழுத்துப் போர்த்திய முந்தானை. சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள். அவளுக்கென்ன வெட்கம்? பேன்கேக் ஒரு தட்டு, மேலே சாக்லேட் கொஞ்சம் தாராளமாக, ஓரத்தில் ஐஸ்கிரீம் ஓர் உருண்டை. "தங்கம்மா டவுனுக்குப் போனா யூரியா ஒரு மூட்டை, சாக்லேட் ஒரு தட்டு" என்று ஊரில் கிண்டல் செய்யாத ஆள் இல்லை.

முதன்முதலில் அவளை அங்கே கூட்டிப் போனது மகள் தமிழ்நிலா. மாட்டு டாக்டர். முதல் சம்பளம் வாங்கிய கையோடு அம்மாவை உள்ளே உட்கார வைத்தாள். தட்டு வந்ததும் தங்கம்மாள் போட்ட சத்தம் கடை முழுக்கக் கேட்டது. "அடப் பாவிகளா, தோசை மேல போயி சாக்லேட்டை ஊத்தி வச்சிருக்கானுவளே!" ஒரு வாய் தின்றாள். அப்புறம் தட்டு காலியாகும்வரை பேச்சில்லை.

தின்பண்டம் மட்டும்தான் காரணம் என்று நினைத்தால் தப்பு. தங்கம்மாள் பண்ணையாள் வீட்டுப் பிள்ளை. அவள் சிறுமியாக இருந்தபோது பொங்கலன்று அவளுடைய அம்மா பெரிய வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் முந்தானையை விரித்துக்கொண்டு நிற்பாள். சர்க்கரைப் பொங்கல் உருண்டை மேலேயிருந்து விழும். கை பட்டுவிடக் கூடாதில்லையா, அதற்காக. இந்தக் கடையிலோ தட்டைக் கொண்டுவந்த பெண் குனிந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, "வேற ஏதாச்சும் வேணுங்களா மேடம்?" என்று கேட்டாள். தங்கம்மாள் திரும்பிப் பார்த்தாள், பின்னால் வேறு யாரும் நிற்கவில்லை. அந்த ஒரு குனிவுக்காகவே மாதா மாதம் போகலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டாள்.

வீட்டுக்காரர் கண்ணுசாமி, பெண் பள்ளிக்கூடம் படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். குத்தகை நிலத்தில் நட்டு, அறுத்து, அந்த நிலத்தையே பிறகு கிரயம் வாங்கி, மகளையும் டாக்டருக்குப் படிக்க வைத்தவள் தங்கம்மாள். அவளுக்கு இருப்பது அந்த ஒரே பெண். அந்தப் பெண்ணுக்குத்தான் இப்போது கல்யாணப் பேச்சு.

பையன் செழியன். ஒரத்தநாடு மாட்டு டாக்டர் காலேஜில் தமிழ்நிலாவோடு கூடப் படித்தவன். படிக்கும்போதே இரண்டு பேரும் மனசு ஒத்துப் போய்விட்டார்கள். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் தெரு வேறு, இவர்கள் தெரு வேறு. அவனுடைய அப்பா நெடுமாறன், கேட்ட மாத்திரத்தில் தாம்தூம் என்று குதித்தார். "கட்டினா நிலாவைத்தான் கட்டுவேன், இல்லேன்னா கல்யாணமே வேணாம்" என்று பையன் ஒற்றைக் காலில் நின்றான். கடைசியில் அவனுடைய அம்மா அம்சம் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்து, தங்கம்மாளுக்குப் போன் போட்டாள்.

"உங்க வீட்டுக்கு வந்தா சாப்பிடச் சொல்வீங்க. பேச்சு முடியறதுக்கு முன்னாடி கை நனைக்கிற வழக்கம் இல்ல பாருங்க. பொதுவா ஒரு இடத்துல பாத்துக்கலாமே" என்றாள்.

வழக்கம் என்னவோ உண்மைதான். பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம், அதற்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத ஆட்கள் உண்டு. இவர்கள் சொல்வது அந்த வழக்கம்தானா, இல்லை அதன் பின்னால் ஒளிந்திருக்கிற இன்னொன்றா? தங்கம்மாளுக்குத் தெரியாமல் இல்லை. "அதுக்கென்னங்க, நமக்குத் தெரிஞ்ச கடை ஒண்ணு இருக்கு" என்றாள், வாய் நிறைய.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியில் போகும்போது தமிழ்நிலா சொன்னாள்: "அம்மா, நீ சரின்னு சொன்னாத்தான் இந்தக் கல்யாணம். உனக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லிடு. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

பின்னால் உட்கார்ந்திருந்த தங்கம்மாளுக்கு ஏன் கேட்டோம் என்றிருந்தது. இவள் இப்படிச் சொல்லித் தொலைக்காமல் இருந்திருக்கலாம். அம்சம் எது சொன்னாலும் விழுங்கிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வருவது என்றுதான் அவள் கிளம்பியிருந்தாள். பெண் சந்தோஷமாக இருந்தால் போதாதா?

அம்சம் பட்டுப்புடவையும் கனத்த சங்கிலியுமாக வந்து இறங்கினாள். இந்த மாதிரி இடத்துக்கு வந்தவள் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. சோபாவின் நுனியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். செழியன் தங்கம்மாளைப் பார்த்ததும், "அத்தை, வந்து ரொம்ப நேரமாச்சா?" என்றான். அத்தையா! அம்சம் சட்டென்று மகன் பக்கம் திரும்பினாள்.

"எனக்கு எதுவும் வேணாம்" என்ற அம்சத்துக்குச் செழியன் லாவா கேக் சொன்னான். தங்கம்மாளுக்கு வழக்கமான பேன்கேக். கேக் முதலில் வந்தது. அம்சம் கரண்டியால் அழுத்தினாள், உள்ளேயிருந்து சூடான சாக்லேட் கொழகொழவென்று வழிந்தது. "ஐயய்யோ, உள்ள வேகவே இல்லையே!" என்று பதறினாள்.

"அப்புடித்தாங்க இருக்கும். நான்கூட மொத தடவ சண்டைக்குப் போயிட்டேன்" என்றாள் தங்கம்மாள். அம்சம் சிரித்துவிட்டாள். கரண்டி கரண்டியாக எடுத்து, தட்டை வழித்துத் தின்று முடித்தாள். பிள்ளைகள் இரண்டும் மூச்சு விட்டுக்கொண்டன. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை பயந்தோம் என்று தங்கம்மாளுக்கும் தோன்றியது. அவளுடைய தட்டு வந்தது.

நடவு வயலில் ஒரு பழக்கம் உண்டு. மதியம் வரப்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தால், தான் வாய் வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு பங்கு வைத்துவிட வேண்டும். யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, கை தானாகப் போகும். அன்றைக்கும் போய்விட்டது. சாக்லேட் நன்றாக ஊறிய நடுத்துண்டாகப் பார்த்து வெட்டி, அம்சத்தின் தட்டில் வைத்தாள் தங்கம்மாள். "இதையும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க. நான் இன்னும் வாய் வைக்கல."

அம்சத்தின் கை மடிக்கு இறங்கியது.

"இல்ல... எனக்கு சுகர்."

முன்னால் வழித்துத் தின்ற தட்டு. உதட்டோரத்தில் இன்னும் சாக்லேட். செழியன் பல்லைக் கடித்துக்கொண்டு "அம்மா!" என்றான். தமிழ்நிலா தலை நிமிரவில்லை. தங்கம்மாளின் கை இன்னும் அந்தத் தட்டுக்கு மேலேயே நின்றது, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சுகர்னா வேணாங்க. ஒடம்பப் பாத்துக்கணும்ல" என்று துண்டைத் திரும்ப எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். எத்தனையோ முறை தின்ற பண்டத்தை அன்று தண்ணீர் குடித்து இறக்கினாள்.

அம்சம் கெட்டவள் இல்லை. மூன்று பேர் முகத்தையும் பார்க்க முடியாமல் மேசையைப் பார்த்தே பேசினாள். கல்யாணத்தைத் தஞ்சாவூரிலேயே மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம். பெண் வீட்டுப் பக்கம் ரொம்பக் கூட்டம் வேண்டாம். நகை, நட்டு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு அப்புறம் ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் வரப்போக என்பது மட்டும் நடக்காது. "அவரு ஒத்துக்க மாட்டாரு. நானும் அந்தத் தெருவுலதான காலந்தள்ளணும்?" என்றாள். பிறகு நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னாள்: "பொண்ணப் பாக்கணும்னா இங்கயே பாத்துக்கலாம். மாசம் ஒருக்கா அனுப்பி வைக்கிறேன். உங்களுக்கும் இந்த எடம் புடிச்சிருக்கே."

"தலைப்பிரசவத்துக்கு?" என்றாள் தங்கம்மாள்.

"ஆஸ்பத்திரியில வந்து பாருங்களேன். அப்புறம் புள்ளையையும் இங்க தூக்கிட்டு வந்து காட்டச் சொல்றேன்."

தங்கம்மாள் கடையைப் பார்த்தாள். அவளுடைய கடை. அவளை மேடம் என்று கூப்பிட்ட கடை. இனி இதுதான் அவளுக்கு மகள் வீடு, இந்த சோபாதான் பேரப்பிள்ளையின் தொட்டில். பில் வந்ததும் எழுந்து போய்விட வேண்டும். விழுங்கிவிடு, விழுங்கிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. "சரி" நாக்கு நுனிவரை வந்துவிட்டது. தமிழ்நிலா சொன்ன சொல் தவறாமல் வாய் மூடி உட்கார்ந்திருந்தாள், கன்னத்தில் கண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. சரி என்றாலும் அழுவாள், வேண்டாம் என்றாலும் அழுவாள். என்ன செய்வாள் தாய்க்காரி?

"ஒரே ஒரு பேச்சுங்க" என்றாள் தங்கம்மாள். "கை நனைச்சாத்தான பேச்சு முடிஞ்சதா அர்த்தம்? உங்க வழக்கமும் அதான், எங்க வழக்கமும் அதான்."

"ஆமா."

"இது கடை. இங்க தின்னது கணக்குல சேராது. நீங்களும் உங்க வீட்டுக்காரரும் எங்க வீட்டுக்கு வந்து, எலை போட்டு ஒரு வாய் சாப்பிடுங்க. அன்னைக்கு நான் சரின்னு சொல்றேன். அதுவரைக்கும் சொல்ல மாட்டேன்."

"அத்தை, நான் இன்னைக்கே வர்றேன்" என்று எழுந்தான் செழியன்.

"நீ உக்காரு தம்பி. நீ திங்காததா? போன வாரங்கூடக் கருவாட்டுக் கொழம்ப ரெண்டாந்தடவ கேட்டு வாங்கித் தின்ன."

அம்சத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீ... அங்க சாப்பிட்டியா?"

"ஆமாம்மா. காலேஜ் படிக்கிறப்பலேர்ந்தே."

அம்சம் உதட்டோரத்துச் சாக்லேட்டைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தங்கம்மாளை முதன்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். "எனக்கு வர்றதுல ஒண்ணும் இல்லீங்க. அவரு காதுக்குப் போகாம ஒரு நாளைக்கு வந்துட்டுப் போயிடுறேன். அது போதுமா?"

"மறைஞ்சு வர வேணாங்க" என்றாள் தங்கம்மாள். "நாங்க என்ன கள்ளச் சாராயமா காய்ச்சுறோம்? பட்டப்பகல்ல, தெருவே பாக்க வாங்க. இல்லேன்னா வராதீங்க."

"அத்தை சரின்னு சொல்லாட்டி நிலா என்னைக் கட்டிக்க மாட்டா" என்றான் செழியன். "அப்புறம் நானும் நம்ம வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்மா. ஆமா, சொல்லிட்டேன்."

"அப்புறம் நீங்களும் உங்க புள்ளைய இங்க வந்துதான் பாக்கணும்" என்றாள் தங்கம்மாள். குத்திக்காட்டவில்லை. அந்த வலியைச் சற்று முன்னால் தின்றவள் என்பதால், உள்ளதைச் சொன்னாள்.

அம்சம் சுற்றிலும் பார்த்தாள். பக்கத்து மேசையில் பிள்ளைகள் தட்டை விதவிதமாக வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாவு கருகும் வாசனை, மஞ்சள் விளக்கு, யாரோ சிந்திவிட்டுப் போன ஐஸ்கிரீம். இங்கே உட்கார்ந்து பெற்ற பிள்ளைக்காகக் காத்திருப்பதா? கைப்பையைத் திறந்து, வீட்டுக்காரரைக் கூப்பிடப் போனை எடுத்தாள். விரல் இரண்டு முறை தப்பான இடத்தில் பட்டது.

"நாந்தான். வர்ற ஞாயித்துக்கிழமை பொண்ணு வீட்டுக்குப் போறோம். ரெண்டு பேரும். மத்தியானச் சாப்பாடு அங்கதான்."

அந்தப் பக்கமிருந்து வந்த சத்தத்துக்கு போட்டோ எடுத்தவர்கள் திரும்பினார்கள். ஒன்றிரண்டு வார்த்தைகள் தெளிவாகவே விழுந்தன. தங்கம்மாளுடைய ஆட்களைச் சொல்கிற அந்த ஒரு வார்த்தையும் விழுந்தது. தமிழ்நிலா கண்ணை மூடிக்கொண்டாள். தங்கம்மாள் மூடவில்லை. அம்சத்தின் கட்டைவிரல் போனை அணைக்கிற இடத்துக்குப் போனது, அங்கேயே நின்றது, பிறகு விலகியது. போனைக் காதில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"கத்தி முடிச்சிட்டீங்களா?" என்றாள் அம்சம். "நீங்க வராட்டி நான் மட்டும் போறேன். ஊருக்குத் தெரிஞ்சே போறேன். அங்க சாப்பிட்ட கையாலதான் திரும்பி வந்து உங்களுக்கு ஆக்கிப் போடுவேன். திங்க முடியலன்னா கடையில சாப்பிட்டுக்குங்க."

போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். அதற்கு மேல் அவளால் முடியவில்லை, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். தங்கம்மாள் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அம்சம் அந்தக் கையை விடவில்லை.

"வாங்க" என்றாள் தங்கம்மாள். "அவரு வந்தா ரெண்டு எலை போடுறேன். வராட்டி உங்களுக்கு ஒண்ணு, பக்கத்துல எனக்கு ஒண்ணு."