பாதி மொட்டை

நான்கு வருடங்களுக்கு முன், தைப்பூசத்தன்று பத்துமலை முருகன் கோயிலில் நடந்தது இது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குடியிருப்பில் இருக்கிறோம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது முடியவில்லை. அதற்குள் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

சோறு ஊட்டப் போனால் தட்டைப் பிடுங்கிக்கொள்வாள். சட்டையை முன்பின்னாக மாட்டிக்கொண்டு திரிவாள். சரிசெய்யப் போனால் அவள் போடும் கூச்சலில் தெருவே கூடிவிடும். நானும் பொறுமைசாலி இல்லை. அவள் கத்த, நான் கத்த, இரவு வேலை முடிந்து தூங்கும் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். என் நாத்தனாருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். "ரெண்டு போட்டு அடக்கு. பொட்டப் பிள்ளைக்கு இவ்வளவு பிடிவாதம் ஆகாது" என்பார். அடக்கித்தான் பார்த்தேன். அடங்கவில்லை.

அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் முருகனுக்கு முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டோம். அதற்காகத்தான் போனோம். கணவருக்கு அன்று சிறப்பு ரயிலில் வேலை. நானும் நாத்தனாரும் மட்டும் அவளோடு போனோம்.

தலையில் தண்ணீரை ஊற்றியதுமே தொடங்கிவிட்டாள். "என் முடி! என் முடி!" என்று ஒரே அலறல். நாத்தனார் காலைப் பிடித்துக்கொண்டார், நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

"அசையாம பிடிங்கம்மா, காது போயிடும்" என்றார் நாவிதர்.

ஒரு பக்கம் முழுதும் வழித்தாகிவிட்டது. மறுபக்கம் திருப்பும்போது ஈர உடம்பு மீன் மாதிரி வழுக்கியது. ஓடிவிட்டாள். நான் எழுந்த அதே நேரம் ஒரு காவடிக் கூட்டம் உறுமியும் மேளமுமாகக் குறுக்கே வந்தது. அது கடந்து போனபோது பிள்ளையைக் காணவில்லை.

எங்கு பார்த்தாலும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பிள்ளைகள். ஒவ்வொன்றின் முகத்தையும் திருப்பிப் பார்த்தேன். ஒரு தாய் என்னைப் பிடித்துத் தள்ளினாள். கடலை விற்றுக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"எல்லாமே மொட்டைதான் அக்கா. எந்தப் பிள்ளைன்னு சொல்றது?"

"என் பிள்ளைக்குப் பாதி மொட்டை!"

அவர் சிரித்துவிட்டார். "அதுவா! ஆத்துப் பக்கம் ஓடுச்சு லா. நிறுத்தப் போனேன், மேலே துப்பிட்டுப் போகுது."

அந்தச் சிரிப்புக்கு அவரை அறைந்திருப்பேன். ஆனால் ஆறு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஓடினேன். காவடி எடுப்பவர்கள் குளிக்கும் இடத்தைத் தாண்டி, ஆள் குறைந்த கரையில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட வயதில் மூத்தவள், மஞ்சள் சேலை, பக்கத்தில் பால்குடம்.

எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. "பிள்ளையை வச்சுக்கிட்டு ஏன் சும்மா உக்காந்திருக்கீங்க? கூப்பிட வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"கூப்பிடாம இருப்பேனா தாயி? இந்தக் கொட்டுச் சத்தத்துல யாருக்குக் கேக்குது? தூக்கப் போனேன், கடிச்சுட்டா. வான்னா வர மாட்டேங்கறா. விட்டுட்டுப் போகவும் மனசு வரல. அதான் கூடவே உக்காந்துட்டேன்." கையைக் காட்டினாள். பல் பதிந்த இடம் சிவந்திருந்தது. "எனக்கு முன்னாடி ஒரு ஆள் மிட்டாயைக் காட்டிக் கூப்பிட்டுப் பாத்தான். அவனையும் கடிச்சா. யாரு பெத்த பிள்ளையோ, நல்லாத்தான் வளத்திருக்காங்கன்னு நினைச்சேன்."

மிட்டாய் ஆளைப் பற்றி அந்தப் பெண் சொன்னதும் நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தில் பால் வெட்டுகிறவளாம். அவளோடு வந்தவர்கள் எப்போதோ மலையேறிவிட்டார்கள். குடத்தில் பால் வெயிலில் திரியத் தொடங்கியிருந்தது. வேறு பால் வாங்கித் தருகிறேன் என்றேன். "இதையே கொண்டுபோறேன். ஏன் லேட்டுன்னு முருகனுக்குத் தெரியும்" என்று சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

நாத்தனார் மூச்சிரைக்க வந்து, மறுபடி நாவிதரிடம் போகலாம் என்றார். "பாதி முடியா சாமிக்குக் கொடுக்கிறது?"

"மிச்சத்தை அவளா கொடுக்கிறப்போ கொடுக்கட்டும்" என்றேன். வீடு திரும்பும் ரயிலில் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தாள்.

இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். இன்னும் எதற்கெடுத்தாலும் "முடியாது" என்கிறாள், இன்னும் எனக்குக் கோபம் வருகிறது, கத்துகிறேன். ஆனால் அவள் நான் விரும்பிய மாதிரி கூப்பிட்டவர் பின்னால் போகிற பிள்ளையாக இருந்திருந்தால் அன்று யார் கையைப் பிடித்துக்கொண்டு போயிருப்பாள் என்று நினைத்துவிட்டால், அதற்குமேல் எனக்கு வாய் வருவதில்லை.