அஸருக்குப் பிறகு போய்விடும் குரல்

என் உம்மா ஒரு நாள் பொழுது சாய்ந்த மஃரிப் நேரம் மவுத்தானார். அந்த நேரம் பார்த்து என் நாக்கு என்னைக் கைவிட்டது. அல்லாஹ் எனக்குச் செய்த உதவியைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் இந்தத் துக்கத்தை விட்டுவிட்டு என்னால் தொடங்க முடியவில்லை.

எங்கள் ஊர் சாய்ந்தமருதில் பிள்ளைகளுக்குத் திருமறை ஓதிக்கொடுப்பவள் நான். பதினான்கு வருடமாகப் பின்னேரம் அஸர் தொழுததும் ஹோலில் பாய் விரிப்பேன். எனக்கு வாய் நீளம் என்று பெயர். குரலும் அப்படித்தான், எங்கள் ஒழுங்கையின் தெருமுனைவரை கேட்கும். உம்மா படுக்கையில் விழுந்ததும் என்னைத்தான் கேட்டார்.

"மகள், என்ட மவுத்து நேரம் நீதான் ஓதணும். வேற ஆரும் வேணாம்."

"ஓம் உம்மா" என்றேன்.

அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே பின்னேரமானால் கண் இமை தானாக இறங்கிவிடும். பேச்சு மூக்கால் வரும். சோறு மென்றுகொண்டிருக்கும்போதே தாடை ஓய்ந்துவிடும். படுத்தெழும்பி சுபஹுத் தொழும்போதோ ஒரு குறையும் இருக்காது. கண்ணூறு என்றார்கள். ஓதி ஊதிய தண்ணீரும் குடித்தேன். "காலையில நல்லாத்தானே இரிக்காய்? பின்னேரம் மட்டும் என்ன வருத்தம்?" என்று என் கணவர் சிரித்தார்.

அன்று உம்மாவின் பக்கத்தில் இருந்து ஓதத் தொடங்கினேன். இரண்டாம் பக்கத்தில் குரல் மங்கியது. மூன்றாம் பக்கத்தில் எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிந்தன. நாக்கு புரளவில்லை. நான் அழுகிறேன் என்று நினைத்து என் மூத்த சகோதரி ராத்தா கையை நீட்டித் திருமறையை வாங்கி, மீதியை ஓதி முடித்தார். நான் அழவில்லை. அழக்கூட முகம் அசையவில்லை. உம்மா கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். பிறகு போய்விட்டார்.

அதன் பின் பலமுறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மடத்தனத்தையும் சொல்லத்தான் வேண்டும். நம்பர் எடுக்க வேண்டுமே என்று சுபஹுத் தொழுத கையோடு புறப்படுவோம். "யா அல்லாஹ், டொக்டருக்கு முன்னால் என்னை நல்லபடியாக வை" என்று துஆக் கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவேன். அல்லாஹ்வும் அப்படியே வைத்தான். அங்கே கண் திறந்திருக்கும், குரல் கணீரென்று வரும். தாயை இழந்த கவலை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஓத வந்த பிள்ளைகளும் ஒவ்வொருவராக வேறு இடம் போனார்கள்.

ஒரு நாள் இரவு இஷாத் தொழுகையில் சுஜூதிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. நெற்றி பாயிலேயே கிடந்தது. அங்கேதான் என் துஆ மாறியது. "ரப்பே, இனி என்னைச் சுகமானவளாகக் காட்டாதே. நான் படும் பாட்டை அவர்களுக்குக் காட்டு."

அடுத்த கிளினிக் அன்று டொக்டரை அவசரமாக வார்டுக்கு அழைத்துவிட்டார்கள். வாங்கில் உட்கார்ந்து காத்திருந்தோம். நடுப்பகல் லுஹரும் போனது. நான் வாய்க்கு வந்தபடி முணுமுணுத்தேன். அஸர் பாங்கு கேட்ட பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். புதிதாக வந்த பெண் டொக்டர் அவர்.

"எந்த நேரம் வருத்தம் கூட?" என்று கேட்டார்.

"சுபஹுக்கு ஒண்டுமில்ல. லுஹருக்குக் கொஞ்சம். அஸருக்குப் பொறகு நான் நானில்ல."

அவர் பேனையைக் கீழே வைத்தார். "ஒண்டிலிருந்து சத்தமா எண்ணுங்க" என்றார். முப்பதைத் தாண்டுவதற்குள் குரல் மூக்குக்குப் போய்விட்டது. பிறகு ஐஸ் கட்டியைக் கையுறைக்குள் போட்டு, மூடிய இமைமேல் இரண்டு நிமிடம் பிடித்தார். எடுத்தபோது இமை மேலே எழும்பியது. என் கணவர் குனிந்து என் கண்ணைப் பார்த்தார்.

"இது கவலையால வந்ததில்ல. நரம்பு சொல்றது தசைக்கு ஒழுங்காப் போய்ச் சேருதில்ல. மருந்து இருக்கு" என்றார் டொக்டர். கொழும்புக்கு அனுப்பிய இரத்தமும் அதையே சொன்னது. மயஸ்தீனியா என்று பெயர். அந்த முடிவு கிடைத்த அன்று பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். கொஞ்சம் முந்தித் தெரிந்திருந்தால் உம்மாவுக்கு ஓதி முடித்திருப்பேனே.

இப்போது நேரம் தவறாமல் மருந்துக் குளிசை. அன்று சிரித்த கணவர்தான் இன்று கடிகாரம் பார்த்து எடுத்துத் தருகிறார். முழுச் சுகம் இல்லை. ஐந்து பிள்ளைகள்தான் திரும்பி வந்திருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

உம்மா மவுத்தாகி ஒரு வருடம் நிறைந்து, அவருக்காகக் கத்தம் ஓதிய அன்று, குளிசை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, மஃரிபுக்குப் பின் முதல் பக்கத்திலிருந்து ஓதினேன். மூன்றாம் பக்கத்தில் ராத்தா என்னைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. ஓதி முடித்தேன்.

சகோதரிகளே, நீங்களும் அவனிடம் கேளுங்கள். நல்லவளாகத் தெரிய வேண்டும் என்று கேட்காமல், உள்ளதை உள்ளபடி காட்டச் சொல்லிக் கேளுங்கள். என் உம்மாவுக்காகவும் ஒரு துஆச் செய்யுங்கள். நான் ஓதி முடித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.