அந்தோணி மேஸ்திரியின் வாசல்

அந்தோணி மேஸ்திரி கட்டிய வீடுகள் காஞ்சிபுரத்தைச் சுற்றி எல்லாத் திசையிலும் நிற்கின்றன. பட்டுக்கடை முதலாளிகளின் மாடி வீடுகள், வாத்தியார்களின் வீடுகள், ஒரு கல்யாண மண்டபம்கூட. புதுமனை புகுவிழா அன்று அவருக்கு வேட்டியும் துண்டும் கொடுத்து, கடைசிப் பந்தியில் பின்கட்டில் உட்கார வைத்துச் சோறு போடுவார்கள். ஐயர் வந்து புகை போட்டுவிட்டுப் போன பிறகு அந்தக் கூடத்துக்குள் அவர் கால் வைத்ததில்லை. சுவரைத் தொட்டுக் கட்டும்போது சுத்தமாக இருந்த கை, விருந்தாளியாக வந்தால் தீட்டாகிவிடும். இது எந்த அறிவில் சேர்த்தி என்று யாரும் கேட்கவில்லை. கூலி கிடைத்தால் போதும் என்று அவரும் கேட்கவில்லை.

அவரும் மனைவி பட்டம்மாளும் சின்ன காஞ்சிபுரத்தில், மாணிக்கவாசக முதலியார் என்ற நெசவாளரின் வீட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். பட்டம்மாள் சித்தாளாக வேலைக்கு வந்து, தான் கலவைச் சட்டி தூக்கிக் கொடுத்த மேஸ்திரியையே கட்டிக்கொண்டவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினாள். பெயரை மட்டும் மாற்ற மறுத்துவிட்டாள். “பேரு எங்கம்மா வெச்சது. அதுல சாமிக்கு இன்னா வேல?” என்றாளாம். மாணிக்கவாசகம் கெட்டவர் அல்ல. “நீங்க இன்னா ஆளுங்க?” என்று கேட்டுவிட்டு ஊரே கதவைச் சாத்தியபோது, பின்சந்து வழியாக வந்து போவதானால் இருந்துகொள்ளுங்கள் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பக்கத்து அறையில் கந்தன் என்ற மூட்டை தூக்கும் தொழிலாளி குடியிருந்தார். அவர் பெரியாஸ்பத்திரியில் இறந்து, உடலை எடுத்து வந்தபோது மாணிக்கவாசகம் சந்து முனையிலேயே கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தார்.

“தறியில முகூர்த்தப் பொடவ ஓடிக்கினு இருக்குதுபா. இப்போ பொணம் உள்ள வந்தா அந்தப் பொண்ணு அத எப்படிக் கட்டும்?”

கந்தனை மின்கம்பத்தடியில் ஒரு பெஞ்சில் கிடத்தினார்கள். லாரிகள் போகப் போக முகத்தில் புழுதி விழுந்தது. அவர் மனைவி முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அதைப் பார்த்துவிட்டு வந்த அந்தோணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

“பட்டு, நான் செத்தா சொந்த வாசல்ல கெடக்கணும்.”

“மொதல்ல சோத்தத் துன்னு. சாவறத அப்பறம் யோசிக்கலாம்.”

ஆனால் அவர் விடவில்லை. கூரம் போகும் சாலையை ஒட்டிய புது மனைப்பிரிவில் இரண்டு சென்ட் வாங்கினார். பைனான்ஸில் கடன் போட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் நேரே அங்கே போவார். அவர் செங்கல் வைக்க, பட்டம்மாள் கலவை தூக்க, வீடு வளர்ந்தது. மற்றவர்களுக்குக் கட்டும்போது வாசலுக்கு ஆகும் இடத்தைக் கஞ்சத்தனமாக அளப்பவர், இதில் மட்டும் வாசலை அகலமாக விட்டார். எதற்கு என்று பட்டம்மாள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

கடன் தீரும்வரை வாடகைக்கு விட்டு, வாடகையில் தவணை கட்டி, தீர்ந்ததும் குடிபோவது என்பது திட்டம். மகள் ஏஞ்சல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தாள். வீடுகளை வாடகைக்கு விட்டு நிர்வகிக்கும் ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தைப் போனில் காட்டினாள். ஆனந்தகுமார் என்ற இளைஞன் கழுத்தில் அட்டையோடு வந்தான். தயங்காமல் உட்கார்ந்து, பட்டம்மாள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்தான். அதிலேயே அவள் விழுந்துவிட்டாள்.

“வாடகைக்கு ஆள் புடிக்கறது, வசூல் பண்றது, ரிப்பேரு, எல்லாத்தையும் நாங்க பாத்துக்கறோம்மா. நீங்க நிம்மதியா இருங்க.”

பாத்துக்கறோம். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ஆஸ்பத்திரியில் ஒருவன் “நான் பாத்துக்கறேன், நீ போ” என்றால் செலவு அவனுடையது. டீக்கடையில் சொன்னாலும் அப்படித்தான். தாய்மாமன் சீரை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு தங்கையிடம் பில் நீட்டினால் அவன் மனிதனே அல்ல. ஒரு மாத வாடகை கமிஷன் என்று ஆனந்தகுமார் சொன்னான், சரி என்றார்கள். மற்றதெல்லாம் அந்தச் சொல்லுக்குள் அடங்கிவிட்டது என்று நினைத்து, காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டார்கள்.

கமிஷன் போக வந்த முதல் வாடகையே பாதியாக இருந்தது. வீட்டைத் துடைத்ததற்கு, படம் எடுத்ததற்கு, பூட்டு மாற்றியதற்கு என்று பிடித்திருந்தார்கள். அடுத்த மாதம் வந்து பார்த்துவிட்டுப் போனதற்கு. அதற்கும் அடுத்து, குளியலறையில் நீர்க்கசிவு. நானே போய்ப் பூசிவிட்டு வருகிறேன் என்றார் அந்தோணி. கம்பெனி ஆள்தான் செய்ய வேண்டும், ஓனர் கை வைக்கக்கூடாது என்றார்கள். மறுநாள் சிவபாலனிடமிருந்து போன் வந்தது. அந்தோணியிடமே பூச்சுக் கரணை பிடிக்கக் கற்றவன் அவன்.

“மேஸ்திரி, கம்பெனி அனுப்புன அட்ரஸ்னு வந்தா இது நம்ம வூடு மேஸ்திரி.”

“நம்ம வூடு இல்லடா. அவங்க வூடு. நல்லா பூசு, என் துட்டு.”

சிவபாலனுக்குக் கிடைத்தது அரைநாள் கூலி. அந்தோணிக்கு வந்த பில்லில் ஒரு வார வேலைக்கான தொகை இருந்தது.

பட்டம்மாள் பஸ் பிடித்து, கம்பெனியின் ஸ்ரீபெரும்புதூர் அலுவலகத்துக்கே போய் ஆனந்தகுமாரைப் பிடித்தாள்.

“பாத்துக்கறோம்னு சொன்னியேபா.”

“பாத்துக்கினுதானம்மா இருக்கோம். பாத்துக்கறதுக்குத்தான் சார்ஜ்.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவளுடைய சொல்லையே எடுத்து, அதன் உள்ளே இருந்ததைச் சுரண்டி எறிந்துவிட்டு, வெறும் தோலை மட்டும் திருப்பிக் கொடுத்தான். கையெழுத்துப் போட்டது யார் என்று கேட்கிற அறிவாளிகள் இருக்கிறார்கள். தமிழில் பேசி நம்ப வைத்து, இந்த இருவருக்கும் படிக்க வராத மொழியில் கையெழுத்து வாங்கியது யார் என்று அவர்கள் கேட்பதில்லை.

குடியிருந்த இன்ஜினியர் மாற்றலாகிப் போனார். வீடு காலியானது. காலி வீட்டைப் பராமரிக்கவும் மாதாமாதம் கட்டணம் இருந்தது. இரண்டு மூன்று மாதங்களாகியும் ஆள் வராததால், ஒருநாள் கணவனும் மனைவியும் போய்ப் பார்த்தார்கள். கேட்டில் ஒரு பலகை தொங்கியது: ‘வெஜ் ஃபேமிலிக்கு மட்டும்.’

அந்தோணி அதை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“பட்டு, நமக்கே வூடு இல்லியாம்.”

“தள்ளி நில்லு. நேத்து துன்ன நெத்திலி வாசன இன்னும் போயிருக்காது.”

இருவரும் தெருவில் நின்று சிரித்தார்கள். சிரிப்பு அந்தோணிக்கு இருமலாக மாறி, கேட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். சிமெண்ட் தூசி நெஞ்சில் இறங்கி வருடங்கள் ஆகியிருந்தன. பலகைக்கும் ஒரு கட்டணம் போட்டிருந்தார்கள். வெஜ் என்று போட்டால் வாடகை ஏறும் என்று ஆனந்தகுமார் விளக்கம் சொன்னான். காய்கறிக்கும் அந்தப் பலகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. “இன்னா ஆளுங்க?” என்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் கண்டுபிடித்த சொல் அது. வாழ்நாள் முழுக்க அந்தக் கேள்விக்கு முன்னால் நின்ற மனிதனின் கேட்டில், அவன் காசிலேயே அதை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

அதன் பிறகு அந்தோணியால் சாரத்தில் ஏற முடியவில்லை. “நாம போயி இருந்துக்கலாம் பட்டு. இனிமே தாங்காது” என்றார். ஏஞ்சல் கம்பெனியில் கேட்டாள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் ஓனர் வீட்டை எடுத்துக்கொண்டால் மிச்ச மாதங்களுக்கான கட்டணத்தை மொத்தமாகக் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டப் பணம் இல்லை. பைனான்ஸ் தவணையே நின்று போயிருந்தது. பட்டம்மாள் கம்மலை விற்றாள். அது தவணைக்குப் போனது. ஏஞ்சல் சீட்டுப் பணத்தை எடுப்பதாகச் சொன்னாள். எல்லோரும் ஓடிக்கொண்டே இருந்தார்கள். அந்தோணியின் மூச்சு அவர்களுக்கு முன்னால் ஓடிவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் இறந்தார்.

மாணிக்கவாசகம் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கண் கலங்கியிருந்தது. “பட்டம்மா, தப்பா நெனக்காதமா. தறியில பாவு ஏத்தி வெச்சிருக்கேன்” என்று தொடங்கியவரை அவள் முடிக்க விடவில்லை.

“எங்க வூட்டுக்குத்தான் போறோம் மொதலியாரே. நீங்க பயப்படாதீங்க.”

ஆம்புலன்ஸ் கூரம் சாலையில் வந்து நின்றது. அவரோடு வேலை செய்த கொத்தனார்களும் சித்தாள்களும் முன்பே வந்து காத்திருந்தார்கள். கேட்டில் கம்பெனிப் பூட்டு, கதவில் கம்பெனிப் பூட்டு. ஏஞ்சல் ஆனந்தகுமாருக்குப் போன் செய்து ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

“சண்டே ஆபீஸ் லீவுங்க. ஓனரா இருந்தாலும் முன்கூட்டி ரெக்வஸ்ட் போடணும்.”

“எங்கப்பா செத்துட்டாரு சார்.”

“சாரி மேடம். நாளைக்குக் காலையில முதல் வேலையா அனுப்பறேன்.”

“நாளைக்கா? பொணத்த வெச்சிக்கினு நாளைக்கா?”

சிவபாலன் எங்கிருந்தோ கடப்பாரை கொண்டு வந்தான். “நவுருங்க. இந்தக் கேட்ட நானும் மேஸ்திரியும் நிறுத்துனது. எங்க நெம்புனா பேந்து வரும்னு எனக்குத் தெரியும்.”

கூட்டம் வழி விட்டது. கடப்பாரை முனை கேட்டைத் தொட்ட நேரத்தில் பட்டம்மாள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம்பா.”

“அக்கா, உங்க வூடுக்கா இது.”

“தெரியும். ஒடைக்காத. அதுக்கும் பில்லு போடுவான்.”

வீராவேசமாக எதிர்த்திருக்க வேண்டும் என்று எழுதுவது சுலபம். புருஷன் பிணத்தின் பக்கத்தில் நின்று ஒரு பெண் பில்லுக்குப் பயப்படும்படி அவளை ஆக்கி வைத்திருக்கிறார்கள். எழுத வேண்டியது அதைத்தான். இதை விதி என்று சொன்னார்கள் வந்தவர்கள் சிலர். விதிக்கு ஸ்ரீபெரும்புதூரில் அலுவலகம் கிடையாது.

கேட்டுக்கு வெளியே, சாலையில், பந்தல் போட்டு அந்தோணியைக் கிடத்தினார்கள். அந்தப் பக்கமும் லாரிகள் போயின. பட்டம்மாள் முந்தானையை எடுத்து அவர் முகத்தை மூடிப் பிடித்தபடி சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். இறந்தவருக்குத் தான் எங்கே கிடக்கிறோம் என்பது தெரியாது. உள்ளேயா வெளியேயா, அவருக்கு ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்தது. அவள் இனி இருக்கப்போகிற ஒவ்வொரு நாளும் அது தெரிந்துகொண்டே இருக்கும்.

கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் ஜெபம் முடித்து, அவள் அருகில் வந்து குனிந்தார். நல்ல மனிதர், இளைஞர், ஆறுதல் சொல்ல வந்தார்.

“அழாதீங்கம்மா. மேல அவருக்குன்னு ஒரு வீடு தயாரா இருக்குது. இந்நேரம் அங்க போய்ச் சேர்ந்திருப்பாரு.”

பட்டம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அதுக்குச் சாவி யார்கிட்ட இருக்குது ஃபாதர்?”

அவள் கேலி செய்யவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தாள். ஃபாதர் அவள் தோளில் வைத்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார். சிவபாலன் மண்வெட்டியை எடுத்தான்.