சின்னம்மா கேட்ட இரைச்சல்

எங்கள் வீடு இத்தாலியின் பலெர்மோ நகரில், பிரான்காச்சோ பகுதியில், அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தில் இருந்தது. கடலைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடிக் கதவுகள். அம்மாவின் தங்கையான சின்னம்மா யாழ்ப்பாணத்து யுத்தத்திலிருந்து தப்பித் தனியாக வந்து சேர்ந்த பின் வந்த முதல் வசந்தம் அது. தொண்ணூறுகளில் அந்த நகரத்தின் மேல் பொலிஸ் ஹெலிகொப்டர்கள் அடிக்கடி சுற்றின. சத்தம் கேட்டால், குண்டு போடும் பொம்பர் விமானம் என்று சின்னம்மா மேசைக்குக் கீழே போய்விடுவார். ஒருமுறை குழைத்த புட்டுமாவும் அவரோடு கீழே போனது.

அப்பாவுக்கு இது வேடிக்கை. “இஞ்சை வாறதெண்டால் பொம்பரும் குவெஸ்தூராவிலை வரிசையிலை நிண்டு பெர்மெஸ்ஸோ எடுக்கவேணும்,” என்பார். வதிவிட அனுமதிக்காகப் பொலிஸ் அலுவலகத்தில் கால்கடுக்க நின்றவர் அவர். சின்னம்மாவும் சிரிப்பார், மேசைக்குக் கீழிருந்தபடியே.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கடலோரத்தில் கடும் இடிமழை வரும் என்று தொலைக்காட்சி எச்சரித்தது. அம்மா கொடியிலிருந்த துணிகளை எடுத்தார். எங்கள் ஆயத்தம் அவ்வளவுதான். அப்பா உணவகத்தில் வேலையில் இருந்தார். பிற்பகலில் கடலுக்கு மேல் வானம் கறுத்து, பிறகு பச்சையாகியது. ஆலங்கட்டி விழுந்தது. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டி மின்னல் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென மழை நின்றது. கடற்பக்கமிருந்து ஒரே சீரான இரைச்சல் கிளம்பி, நெருங்கி வந்தது.

சின்னம்மா குசினியிலிருந்து வந்தார். முகத்தில் பதற்றமே இல்லை.

“அக்கா, பொம்பர். கெதியா வாங்கோ.”

அது இடியடி, சும்மா இரு என்றார் அம்மா. சின்னம்மா வாதாடவில்லை. ஒரு கையால் என் சட்டையையும் மறு கையால் அம்மாவையும் பிடித்து வெளியே இழுத்தார். நாங்கள் சின்யோரா என்று அழைக்கும் எதிர்வீட்டு வயதான இத்தாலியப் பெண்மணி என்ன கூத்து என்று பார்க்கக் கதவைத் திறந்தார். இத்தாலிய மொழியில் ஒரு சொல்லும் அறியாத சின்னம்மா அவருடைய மேலங்கியைப் பற்றி அவரையும் இழுத்துக்கொண்டார். படிக்கட்டு திரும்பும் இடத்தில், சுவரோரமாக எங்களைக் குப்புறப் படுக்க வைத்தார். எனக்கு வெட்கம் தாங்கவில்லை. சின்யோரா கேட்டபோது, என் சின்னம்மா இது யுத்தம் என்று நினைக்கிறார் என மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கத் தொடங்கினார்.

“காதைப் பொத்து. வாயைத் திறந்து வைச்சிரு, மூடாதை,” என்றார் சின்னம்மா. தன் வாயைத் திறந்து சின்யோராவுக்கும் காட்டினார். பல் வைத்தியரிடம் போல அவரும் திறந்தார். அப்போது கட்டடம் அதிர்ந்தது. மேலே எல்லாக் கண்ணாடிகளும் ஒரேயடியாக உடைந்தன.

கடலில் எழுந்து கரையேறிய சுழல்காற்று அது. நான் நின்ற இடத்தில் கதவின் இரும்புச் சட்டம் விழுந்து கிடந்தது. சோபாவில் கண்ணாடித் துண்டுகள் குத்தி நின்றன. ஒரு புனிதர்தான் சின்னம்மாவின் காதில் சொன்னார் என்று சின்யோரா மாடி மாடியாக அறிவித்தார். அதன்பின் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் அவர் செய்த கேக்கின் முதல் துண்டு சின்னம்மாவுக்கு வந்தது. அப்பா அன்றிரவு சின்னம்மாவுக்குத் தன் கையால் சோறு போட்டார். அந்தப் பொம்பர் பகிடியை மறுபடி சொல்லவில்லை. இன்று எனக்கு இரண்டு பிள்ளைகள். இருவரையும் அந்தப் படிக்கட்டுக் கதையைச் சொல்லித்தான் சின்னம்மாவிடம் கூட்டிப்போனேன்.

ஆனால் அவர்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. இரைச்சல் ஓய்ந்ததும், தூசி மண்டிய இருட்டில் சின்னம்மா எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். அம்மா, நான், சின்யோரா. பிறகும் அவருடைய கை நிற்கவில்லை. எனக்கு அப்பால், வெறும் படிகளில் தடவிக்கொண்டே போனது.

நாங்கள் இவ்வளவு பேர்தான் சின்னம்மா என்றேன்.

“ஓம்,” என்றார். கை இன்னும் தேடியது. பயத்தில் அவருக்குக் கணக்குத் தப்பிவிட்டது என்றுதான் அன்று நான் நினைத்தேன்.