“படம் விளங்கவில்லை”

ஸ்பீக்கரின் முதுகில் இரண்டு தட்டு. நூறு வருடம் பழைய ஊமைப் படமொன்றை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஊடக வகுப்புக்குப் போட்டுக் காட்டிய நாளை நினைத்தால் எனக்கு முதலில் கேட்பது அந்தச் சத்தம்தான். திருகோணமலையில், ஜன்னல் திறந்திருந்தால் துறைமுகத்துக் காற்று வந்து கொப்பிகளைப் புரட்டிவிடும் மேல்மாடி வகுப்பு எங்களுடையது. வெளிச்சம் வராமலிருக்க விஞ்ஞானகூடத்துத் திரைச்சீலைகளைக் கழற்றி வந்து கட்டியிருந்தோம். படம் தொடங்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கிண்ணியாவிலிருந்து வரும் மாணவன் எழுந்துபோய் ஸ்பீக்கரைத் தட்டினான். “டீச்சர், வாய் அசையுது, கதை வரேல்ல. வயர் கழண்டுட்டுது போல.” படமே இப்படித்தான் என்று நான் சொன்னதும் வகுப்பு முழுவதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

வருங்கால நகரமொன்றின் கதை அது. மேலே பணக்காரர்கள், நிலத்துக்கடியில் தொழிலாளர்கள். அவர்கள் தலையைக் குனிந்தபடி வரிசை வரிசையாக வேலைக்குப் போவார்கள். கதாநாயகி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை உருட்டியபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இயந்திரம் வாயைத் திறக்க, ஆட்கள் தாங்களாகவே அதற்குள் நடந்து போன காட்சியில் அந்தச் சிரிப்பு நின்றது. பின்சுவரோடு நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்து ஆட்கள் கூட்டங்கூட்டமாகக் கயிறு பிடித்துப் பெரிய கல்லொன்றை இழுத்தார்கள். அப்போதுதான் நிலாவெளியிலிருந்து வரும் மாணவி இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள்: “இத்தினை பேரும் ஒண்டா இழுக்கினம். அம்பா பாட மாட்டினமா, டீச்சர்?” கரைவலை இழுப்பவர்கள் கால்களை ஒன்றாகப் பின்னெடுத்து வைப்பதற்காகப் பாடும் பாட்டு அம்பா. வகுப்பு சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் எழுதித் தந்தார்கள். இயந்திரம் மனிதனை அடிமையாக்குகிறது என்று ஏறக்குறைய எல்லாத் தாளிலும் இருந்தது. படம் போடுவதற்கு முன்பே அதைக் கரும்பலகையில் எழுதிவைத்தவள் நான்தான். நிலாவெளிப் பிள்ளை மட்டும் வேறு எழுதியிருந்தாள். ‘படத்தில் ஆட்கள் போய்விட்டால் இயந்திரம் நின்றுவிடுகிறது. எங்கள் கடற்கரையில் வலை முதலாளியான சம்மாட்டி டிராக்டர் கொண்டுவந்த பிறகு வலை இழுக்க இரண்டு பேர் போதும். என் அப்பாவின் உள்ளங்கைக் காயம் இப்போதுதான் முதல் தரமாக ஆறியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு அவர் வீட்டில் இருக்கிறார். படத்தில் வருகிறவர்கள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. அவர்களுக்கு வேலை இருக்கிறது.’

சிவப்பு மையில் ‘படம் விளங்கவில்லை’ என்று எழுதிவிட்டேன். அதோடு விட்டேனா? எப்படி எழுதக்கூடாது என்பதற்கு உதாரணமாக அதை வகுப்பில் வாசித்தும் காட்டினேன். பெயர் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் வேறு. கரைவலை வீட்டுப் பிள்ளை அந்த வகுப்பில் ஒருத்திதான். அடுத்த நாளிலிருந்து அவள் வரவில்லை.

ஒரு வாரம் போனபின் அவளுடைய சிநேகிதி வந்து சொன்னாள். “அவ இனி வரமாட்டா, டீச்சர். திங்கக்கிழமை ஒன்பது மணிக்கு காமென்ட்ஸ் தையல் ஃபக்டரியில இன்டர்வியூவாம்.” வீட்டுக் கஷ்டம்தான் காரணம் என்று நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது. இடைவேளையில் அந்தத் தாளைத் தேடி எடுத்தேன். திருத்துகிற எண்ணமில்லாமல் அதை வாசித்தது அப்போதுதான். சனிக்கிழமை நிலாவெளி பஸ் ஏறினேன்.

கடற்கரையில் டிராக்டர் ஒன்று உறுமியபடி கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டே பேர். அவளுடைய அப்பா முற்றத்தில் எனக்குக் கதிரை கொண்டுவந்து போட்டுவிட்டுத் தான் நின்றார். நான் தாளை நீட்டினேன். “எனக்கு வாசிக்கத் தெரியாது, டீச்சர். நீங்களே வாசியுங்கோ” என்றார். வாசித்தேன். குசினி வாசலில் அவள் நின்றாள். உள்ளங்கை பற்றிய வரி வந்தபோது அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முடித்ததும் கேட்டார்: “எல்லாம் உண்மைதானே எழுதியிருக்கிறா. சிவப்பால என்ன எழுதிக் கிடக்கு?”

அதையும் வாசித்தேன். “பிழை விட்டது நான்தான், ஐயா” என்றேன். குசினி வாசலிலிருந்து அவள் சொன்னாள்: “அப்பாட்டச் சொல்லி என்ன, டீச்சர்? நீங்கள் வகுப்பிலதானே வாசிச்சனீங்கள்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருடப் படிப்பிப்பில் எந்தப் பிள்ளையும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கோபத்தோடு மல்லுக்கட்டினேன். அவள் கேட்டதில் பிழை தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. இப்போதும் வருடா வருடம் அந்தப் படத்தைப் போடுகிறேன். முன்கூட்டிக் கரும்பலகையில் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. பிள்ளைகள் வேண்டிய இடத்தில் சிரிக்கிறார்கள், என்னென்னவோ கேட்கிறார்கள், பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரிவதில்லை.

இன்டர்வியூ நாளான அந்தத் திங்கட்கிழமை அவளுடைய இடம் காலியாகத்தான் இருந்தது. இல்லாத பிள்ளைக்கு முன்னால் சொல்லி என்ன பயன் என்று ஒரு மனம் தப்பிக்கப் பார்த்தது. ஆனாலும் தாளை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். பாதி வாசிக்கும்போது அவள் வந்து வாசலில் நின்றாள். நான் நிறுத்தவில்லை. வாசித்து முடித்து, “இதற்கு விளங்கவில்லை என்று எழுதினேன். விளங்காதது எனக்குத்தான்” என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அவள் தன் இடத்தில் போய் இருந்து, புத்தகப் பையை இறக்கி வைத்தாள்.

“அப்ப மாக்ஸ் கூட்டுவீங்களா, டீச்சர்?” என்று கேட்டாள்.

அப்போது மணி ஒன்பதே கால்.